முப்பிடாதி போட்ட குலவை

“எனக்கு வராது, எல்லாரும் சிரிப்பாங்க.” காலையிலேர்ந்து உனக்கு இதே பாட்டு. நாளைக்கு ஸ்கூல் ப்ரேயர்ல மைக் முன்னாடி படிக்கப்போறது நாலே வரி, அதுக்கு நாப்பது தடவை அழுகை. பெரியம்மாவுக்குக் காது புளிச்சுப்போச்சு. போர்வையை இழுத்துக்கோ. “ம்” கொட்டினாத்தான் கதை.

ஒரு ஊர்ல ஒரு முப்பிடாதி இருந்தா. புதுசா வாக்கப்பட்டு வந்தவ. அந்த ஊர்ல நாத்து நடணும்னா முதல்ல ஒருத்தி நாக்கைச் சுழட்டி ‘உலுலுலுலு’ன்னு குலவை போடணும். மத்தவங்க அவளோட சேந்துக்குவாங்க. அப்புறந்தான் நாத்து சேத்துல இறங்கும்.

வருஷா வருஷம் ஆரம்பிக்கிறவ வெள்ளையம்மா. முப்பிடாதி வீட்டு வயல்ல நடவு அன்னைக்குப் பாத்து அவளுக்குத் தொண்டை கட்டிப்போச்சு. ஹ்ஹா, ஹ்ஹான்னு காத்துதான் வருது. “உங்க வீட்டு வயலு, நீயே போடு”ன்னு நடவுக்கு வந்த பொம்பளைங்க எல்லாருமா முப்பிடாதியைத் தள்ளி விட்டாங்க. உச்சிப்பொழுதுக்குள்ள நடவு ஆரம்பிச்சாத்தான் அந்த வயலுக்குத் தண்ணி. இல்லேன்னா மடையை அடைச்சு அடுத்த வயலுக்குத் திருப்பிடுவாங்க. பிடுங்கி வச்ச நாத்தெல்லாம் வாடிடும். அப்புறம் வருஷம் முழுக்க அவ வீட்டுல சோத்துக்குத் திண்டாட்டம்.

ம் சொல்லு.

முப்பிடாதி முன்னாடி வந்து நின்னா. வாயைத் திறந்தா. ‘உலு.’ அவ்வளவுதான், எச்சிலை முழுங்கிட்டா. “ஏளா, வயித்துலேர்ந்து இழு”ன்னா பூலம்மா. அப்புறம் மறுபடி திறந்தா. ‘உ... க்க்.’ விக்கல். “நாக்கை மடக்கித் தொலை”ன்னா மாடத்தி. மூணாவது தடவை காத்துகூட வரலை. “நல்ல மருமக வாச்சா”ன்னா பேச்சியக்கா. களுக் களுக்னு அத்தனை பேரும் சிரிச்சாங்க.

சிரிச்சாங்கல்ல? அவ கரைஞ்சா போயிட்டா? கேளு.

அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு. மடைப் பக்கம் பாத்தா, அடைக்கிறவன் மண்வெட்டியைத் தூக்கிட்டு வந்துட்டு இருக்கான். சட்டுனு கேட்டா, “பூலம்மா மதினி, நீங்க ஆரம்பிங்களேன்.”

“எனக்குப் பல்வலி தாயி.”

“மாடத்தி மதினி?”

“எங்க கொழுந்தன் அங்க நிக்காருல்லா.”

“பேச்சியக்கா?”

“வாய் நிறைய வெத்தலை கிடக்குட்டி.”

எல்லாம் ரெண்டாவதா சேந்துக்கிற சூரப்புலிங்க. பொறந்ததிலேர்ந்து ஒருத்திகூட முதல் வாய் திறந்தது கிடையாது. முப்பிடாதிக்கு அப்பத்தான் உறைச்சுது. இவளுகளுக்கா பயந்து நின்னோம்னு பத்திக்கிட்டு வந்துச்சு. சேலையை இழுத்துச் செருகினா. வாயைத் திறந்தா.

கிறீச்ச்ச்... துருப்பிடிச்ச இரும்பு கேட் மாதிரி ஒரு சத்தம். நல்லாவா இருந்துச்சு? சகிக்கலை. ஆனா அவ நிறுத்தலை. ‘உலு... உலுலு... உலுலுலுலு’ன்னு இழுத்தா பாரு.

அப்போ பல்வலி போச்சு, கொழுந்தன் மறந்துபோச்சு, வெத்தலை எங்க போச்சோ தெரியலை. பத்து வாயும் ஒண்ணா ‘உலுலுலுலு’. வரப்புல நின்ன கொக்கெல்லாம் ஜிவ்வுனு கிளம்புச்சு. சளக், சளக்னு நாத்து இறங்குச்சு. மண்வெட்டிக்காரன் வந்த வழியே திரும்பிட்டான்.

சாயங்காலம் பூலம்மா ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு வந்தா, “நாந்தான் அவளுக்குச் சொல்லிக் குடுத்தேன்”னு.

அவ்வளவுதான், கதை கரையேறியாச்சு, நீ கண்ணை மூடு. மூடிட்டியா?

காலை அந்தப் பக்கம் எடுடி, நானும் படுக்கணும்.