தாத்தாவோட தாடை முள்ளும் சுவத்துக் கண்ணாடியும்

ஒரு ஊர்ல ஒரு தாடை இருந்துச்சு. தாடை தனியாவா இருக்கும்? அதுக்கு மேல ஆவுடையப்பன்னு ஒரு தாத்தா இருந்தார். 'ம்' கொட்டினாத்தான் மேல சொல்வேன், ஆமா.

"ம்…"

அவர் மக பிரசவத்துக்கு வந்திருந்தா. பேத்திக்கு இப்போ அஞ்சாம் மாசம். எல்லார்கிட்டயும் போவா, தாத்தா தூக்கினா மட்டும் 'வீல்'னு கத்துவா. ஏன்னா தாடைக்குக் கீழ முள்ளு முள்ளா முடி, 'நறுக்'குன்னு குத்தும். தாத்தா தினமும் சவரம் பண்றவர்தான். ஆனா மூக்குக்கண்ணாடி போட்டா சோப்பு அப்பிக்கும், கழட்டினா கண்ணு தெரியாது. காலம் பூரா லாரி ஓட்டிக் காய்ச்சுப்போன கை, தடவினாலும் மிச்சம் தெரியாது. சலூனுக்குப் போலாமேன்னு கேக்காத. ஒரு நாள் வழுவழுன்னு இருந்தாப் பத்தாது, தினமும் தூக்கினாத்தான் குழந்தை பழகும். தினமும் போக சலூன் என்ன பக்கத்துலயா இருக்கு?

ஞாயித்துக்கெழம மாப்பிள்ளை வந்து ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போயிருவார். அதுக்குள்ள பேத்தி ஒரு தடவையாவது நம்ம தோள்ல சாயணும்னு தாத்தாவுக்கு ஏக்கம். பாவம், சோறு எறங்கல.

அப்புறம் கடைக்குப் போனார். "சுவத்துல மாட்டுற கண்ணாடியில எது ரொம்பப் பெருசாக் காட்டும்?" "இது பத்து மடங்குங்க." வாங்கியாந்து மாட்டிப் பார்த்தா, உள்ள ஒரு மூக்கு. மூக்கு மட்டும்தான், பூசணிக்கா தண்டிக்கு. ஒட்டி நின்னாத்தான் தெளிவாத் தெரியும், நடுவுல ரேசர் நுழைய எடமில்ல. 'சரக்'குன்னு வெட்டிக்கிட்டார். பேத்தி? 'வீல்!'

அப்போ ரெண்டாவது, அஞ்சு மடங்கு. வெளிச்சம் வேணும்னு வெயில் விழுற ஜன்னலுக்கு எதிர்ல மாட்டிட்டு முகம் கழுவப் போனார். இந்தக் கண்ணாடி குழிஞ்சிருக்கும்ல, வெயில ஒரே எடத்துல சேத்துரும். 'புஸ்'ஸுன்னு பொகை. கொடியில கெடந்த துண்டுல ஓட்டை. "வீட்டக் கொளுத்தவா இத வாங்கினீங்க?"ன்னு அவர் பொண்டாட்டி கோமதி கழட்டி வச்சுட்டா. என்ன, நெருப்புன்னதும் முழிச்சுக்கிட்டியா? அணைச்சாச்சு, படு.

மூணாவது தடவை கெளம்புறப்போ கோமதி சொன்னா, "வழிச்ச மூஞ்சியோட போயி கண்ணாடி பாத்தா, எது முடியக் காட்டும்? முள்ளோட போங்க."

தாத்தா சவரம் பண்ணாம வாசப்படி தாண்டினதே இல்ல. கூச்சம் பிடுங்கித் திங்குது. தெருவுல ஒருத்தர், "என்னண்ணே, வீட்டுல ஏதும் துக்கமா?"ன்னு கேட்டே புட்டார். "இல்லப்பா, பேத்திக்காக"ன்னுட்டுத் தலையக் குனிஞ்சுக்கிட்டே போனார்.

கடையில ஒவ்வொண்ணா முன்னால நின்னு பார்த்தார். மூணு மடங்குக் கண்ணாடி ஒண்ணு, இழுத்தா நீளுற கம்பியோட. ஒரு சாண் தள்ளி நின்னாலும் தாடை மொத்தமும் தெரியுது, ஒளிஞ்சிருக்கிற முடியும் தெரியுது. வாங்கியாந்து, வெயில் படாத சுவத்துல 'டுர்ர்ர்'னு துளை போட்டு மாட்டினார். அப்புறம் 'சரட் சரட்'.

மொத நாள் பேத்தி கத்தல. மறுநாள் தாடையத் தொட்டுப் பார்த்தா.

"ம்…"

ஞாயித்துக்கெழம வாசல்ல கார் வந்து நிக்குது. தாத்தா தூக்கினார். அவ கன்னத்த அவர் தாடையில வச்சு, அப்படியே தூங்கிப் போனா. தாத்தாவுக்குக் கண்ணு கலங்கிருச்சு. கழுத்த அசைக்கல.

"கெளம்பலாமா மாமா?"

"அவ முழிக்கட்டும் மாப்ள."

மாப்பிள்ளை செருப்பக் கழட்டிட்டு உள்ள வந்து உக்காந்தார்.

கதைக்கும் கண்ணு சொருகிருச்சு, நீயும் தூங்கு.