புடலங்காய் மேல் விழுந்த பழி

நம் முப்பாட்டனுக்கே முப்பாட்டன் பிறக்காத காலத்தில், தும்பை நாட்டை அதிரூபவழுதி என்றோர் அரசன் ஆண்டான். ஆண்டான் என்று மரியாதைக்குச் சொல்கிறேன், பெரும்பாலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

ஒருநாள் நூறு வீரர்களோடு எல்லைக்குப் போருக்குப் போனான். தூரத்தில் புழுதி கிளம்பியது. அவ்வளவுதான், மொத்தப் படையும் தலைதெறிக்க ஓடிவந்து கோட்டைக் கதவைச் சாத்திக்கொண்டது. பின்னாலேயே ஆடி அசைந்து வந்து சேர்ந்தவை இருபது எருமைகள்.

"நம் படைக்கு எப்படிப் பயம் வந்தது? காரணம் தெரிந்தாக வேண்டும்!" என்று கத்தினான் அரசன்.

அரண்மனை வைத்தியர் மார்த்தாண்டப் பண்டிதர் எழுந்தார். அவர் சூரணத்துக்கு ஆறு மாதம் அசையாத அரசனின் வயிற்று உப்புசம், சமையல்காரி செங்கமலத்தின் ரசத்தில் ஒரே நாளில் தீர்ந்துபோயிருந்தது. அந்த எரிச்சல் அவருக்கு.

"மகாராஜா, அன்று காலை செங்கமலம் புடலங்காய்க் கூட்டு போட்டாள். புடலங்காய் பயத்தை வளர்க்கும். அவளை நாடு கடத்துங்கள்!"

"ஆதாரம்?"

"நூறு வீரர்களிடமும் கேட்டேன். 'புடலங்காய் தின்றதால்தானே பயந்தாய்?' என்றேன். நூறு பேரும் ஆமாம் என்றார்கள்."

செங்கமலம் கரண்டியோடு ஓடிவந்தாள். "நூறு பேரைக் கேட்டது நல்ல வேலைதான், வைத்தியரே. கேக்கும்போது பக்கத்துல யாரு நின்னது?"

"வாளோடு ஒரு காவலன். ஒரு ஒழுங்குக்காக."

"பதிலையும் கேள்விக்குள்ளயே வெச்சு, வாளையும் காட்டினா, நீ கழுதையான்னு கேட்டாலும் ஆமான்னுதான் சொல்லுவாங்க."

அரசனுக்கு இது பிடித்துவிட்டது. வாள்காரனைப் பண்டிதர் பக்கத்தில் நிறுத்திக் கேட்டான். "பண்டிதரே, நீர் கழுதைதானே?"

பண்டிதர் வாளைப் பார்த்தார். "மகாராஜா சொன்னால்... இருக்கலாம்."

சபை சிரித்து உருண்டது. பண்டிதர் விடவில்லை. மூன்று நாள் ஒரு வைக்கோல் போருக்குள் ஒளிந்திருந்து பார்த்துவிட்டு, தலையெல்லாம் வைக்கோலோடு திரும்பி வந்தார். "புடலங்காய் தின்ற ஒரு வீரன், மனைவி அதட்டியதும் நடுங்கினான். என் கண்ணால் பார்த்தேன்!"

"ஒளிஞ்சிருந்து பாத்ததால அவன் நடிக்கல, அது சரி," என்றாள் செங்கமலம். "புடலங்காய் தின்னாத பக்கத்து வீட்டுக்காரன் நடுங்கலையா?"

"அவனை நான் ஏன் பார்க்கணும்?"

செங்கமலம் தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு நாற்பது வீரர்களைச் சீட்டுக் குலுக்கி இரண்டு பந்தியாக உட்காரவைத்தாள். ஒன்றுக்குப் புடலங்காய் வடை, மற்றதற்குச் சுரைக்காய் வடை. பார்வைக்கும் ருசிக்கும் வித்தியாசமே கிடையாது. எந்தத் தட்டு எங்கே போனது என்பது அரசனுக்கு மட்டுமே தெரியும்.

சாப்பிட்டு முடித்ததும் பின்னால் ஒரு பித்தளை அண்டாவை உருட்டினார்கள். பண்டிதரே எண்ணினார். இந்தப் பந்தியில் பன்னிரண்டு பேர் துள்ளினார்கள். அந்தப் பந்தியிலும் பன்னிரண்டு பேர்தான்.

"பண்டிதரே, நீர் நடுவில் நான்கு வடை தின்றீரே, அது புடலங்காய்," என்றான் அரசன். பண்டிதர் உடனே அலறியபடி தூணைக் கட்டிக்கொண்டார். "சும்மா சொன்னேன் ஐயா, சுரைக்காய்தான்!" என்று சிரித்தான் அரசன்.

செங்கமலம் அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நேர்மை அவளை விடவில்லை. "ஆனா ஒண்ணு, மகாராஜா. அண்டா உருளுறதும் போர்க்களமும் ஒண்ணில்ல. இங்க பாத்ததுதான் அங்கயும் நடக்கும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்."

"அவளே ஒப்புக்கொண்டாள்!" என்று துள்ளினார் பண்டிதர். அரசனும் குழம்பிப்போய், நாடு கடத்தும் ஓலையைக் கையில் எடுத்தான். போக வேறு இடமில்லாத செங்கமலத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

"அப்போ போர்க்களத்தையே பாப்போம், மகாராஜா. அன்னிக்குப் புடலங்காய் சாப்பிடாத ஆளு ஒருத்தர் இருந்தாரு."

"யார் அந்த வீரன்?"

"நீங்கதான். வயித்துக்குப் பத்தியம்னு உங்களுக்கு வெறும் ரசஞ்சோறுதான் கொடுத்தேன்."

சபை மொத்தமும் அரசனைத் திரும்பிப் பார்த்தது. கோட்டைக்குள் முதலில் நுழைந்தவர் யார் என்பது எல்லோருக்கும் தெரியும்.

அரசன் காது வரை சிவந்தான். ஓலையைக் கிழித்துப் போட்டான். தன் முத்துமாலையைக் கழற்றிச் செங்கமலத்துக்குக் கொடுத்தான். ஆறு மாதம் புடலங்காய் நறுக்கும்படி பண்டிதரை அடுக்களைக்கு அனுப்பினான். பிறகு நெடுநேரம் தாடையைத் தடவினான். திடீரென்று அவன் முகம் மலர்ந்தது.

"செங்கமலம்! புடலங்காய் தின்ற நூறு பேரும் எனக்குப் பின்னால்தானே வந்தார்கள்? அப்படியென்றால் புடலங்காய் தைரியத்தை அல்லவா கொடுக்கிறது! எனக்கு நான்கு கரண்டி போடு!"