தூசி மறைத்த வாய்

விண்மீன்களும் வாயுவும் தூசியும் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், ஒவ்வொரு விண்மீன் மண்டலத்தின் நடுவும் திறந்தே கிடந்தது. எந்த மூலையிலிருந்து பார்த்தாலும் தெரியும். அப்படி ஒரு மண்டலத்தின் நடுவில் கருவாயன் என்ற கருந்துளை இருந்தான். உடம்பெல்லாம் கனம்; வாய் மட்டும் மிகச் சிறியது.

மண்டலத்தின் விளிம்பில் வாயுக் கூட்டத்தார் வாழ்ந்தார்கள். குளிர்ந்து, இறுகி, விண்மீன்களைப் பெறுவதுதான் அவர்கள் வாழ்க்கை. அவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. யாரும் எங்கும் தனியாகப் போகமாட்டார்கள்; கைகோத்துக்கொண்டு எல்லோரும் சேர்ந்துதான் போவார்கள். போன இடத்திலும் நேரே நுழைவது மரியாதையில்லை. சுற்றிச் சுற்றி வந்து, பிறகுதான் நுழைவார்கள்.

அந்தக் கூட்டத்தில் குளிரி நிறைமாதமாக இருந்தாள். அவள் வயிற்றுக்குள் விண்மீன்கள் புரண்டுகொண்டிருந்தன. அவளுக்கு ஒரே தம்பி, தூசி. யாரும் பின்தங்காமல் கடைசியில் நின்று கூட்டத்தை ஓட்டிப்போகிறவன் அவன்தான்.

ஒருநாள் நடுவிலிருந்து கருவாயன் கூப்பிட்டான்.

"பசிக்குது. ஒரு பிடி வாயு கொண்டுவந்து போடுங்க. ஒரு ஆள் வந்தா போதும்."

கூட்டத்தார் சிரித்துவிட்டார்கள்.

"ஒரு ஆளாம்! நம்மைப் பத்தித் தெரியாதவனா இருக்கான்."

எல்லோரும் கிளம்பினார்கள். குளிரியும் எழுந்தாள்.

"நீ வராதக்கா. கூட்டத்துல இடிபடுவே" என்றான் தூசி.

"எல்லாரும் போறப்ப நான் மட்டும் எப்படிடா தனியா இருக்கிறது?"

"வயித்துக்குள்ள இத்தனை பேரை வச்சுக்கிட்டு, தனியாங்கிறியே! கருவாயன் தலைக்கு நேர்மேலே ஒரு இடம் காலியா இருக்கு. யாரும் நடமாடுற வழியில்லை. அங்கேருந்து வேடிக்கை பாரு."

குளிரி சிரித்துக்கொண்டே மிதந்து அங்கே போனாள்.

கூட்டம் நடுவை நெருங்கிச் சுற்றத் தொடங்கியது. உள்ளே போகப் போக வேகம் கூடியது. "யாருப்பா இடிக்கிறது?" "நீதான் என்மேல ஏறி வர்ற!" உரசி உரசி உடம்பு சுட்டது. சிவந்தார்கள், பிறகு வெளுத்தார்கள்.

"ஒவ்வொருத்தரா வாங்க! கொஞ்சம் விலகுங்க!" என்று கருவாயன் அலறினான்.

உள்வரிசையில் சிலர் விலகப் பார்த்தார்கள். கடைசி வரிசையில் நின்ற தூசிக்கு அது பெரிய மானக்கேடாகத் தெரிந்தது.

"கையை விட்டுடாதீங்க!" என்று கத்தினான்.

யாரும் விடவில்லை. தூசிக்கு முன்னால் இருந்த அத்தனை பேரும் ஒன்றாக அந்தச் சின்ன வாயில் போய் அடைத்தார்கள். கருவாயனுக்குப் புரையேறியது. விழுங்க முடியாததெல்லாம் வெள்ளையாகப் பற்றிக்கொண்டு, மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு பீச்சல்களாய்ப் பாய்ந்தது. ஒளி ஓடும் வேகத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு.

தூசி அண்ணாந்து பார்த்தான். நேர்மேலே அக்கா இருந்தாள்.

மேலே போன பீச்சல் அவளைக் கிழித்துக்கொண்டு போனது. பார்த்துக்கொண்டே நின்றான். அந்த இடத்தைத் தேர்ந்து சொன்னது அவன்தான்.

அவன் போய்ச் சேர்ந்தபோது குளிரி கிழிந்து, வெகுதூரத்துக்கு இழுபட்டுக் கிடந்தாள். உடம்பில் குளிர்ச்சியே இல்லை.

"அக்கா..."

"சுடுதுடா" என்றாள். பிறகு கையால் வயிற்றைத் தடவிப் பார்த்தாள். "உள்ளே யாரும் அசையலடா தம்பி."

கீழேயிருந்து கருவாயனின் குரல் வந்தது.

"நான் ஒரு ஆளைத்தானே வரச் சொன்னேன்?"

தூசி யோசித்துப் பார்த்தான். பசித்தவன் கேட்டது தப்பா, கேட்டவுடன் போனது தப்பா, கையை விடாதே என்றது தப்பா? மூன்றாவதுக்கு வரும்போதெல்லாம் அவன் யோசனை அப்படியே நின்றுவிட்டது.

அப்போது விளிம்பிலிருந்து சின்ன வாயு மேகங்களின் பேச்சு கேட்டது.

"நடுவுல என்னமோ பளபளன்னு எரியுது. எல்லாரும் சேர்ந்து போய்ப் பார்ப்போமா?"

தூசி திடுக்கிட்டு எழுந்தான். கருவாயனிடம் ஓடினான். தன் உடம்பையே தடித்த வளையமாக விரித்து அவனைச் சுற்றி நின்றான். நடுவின் வெளிச்சம் விளிம்புக்கு மறைந்துபோனது. கருவாயனின் குரலை மட்டும் அவனால் மறைக்க முடியவில்லை.

அவனைப் பார்த்து மற்ற மண்டலங்களிலும் தூசி இப்படி வளையமாக நின்றது. அன்றிலிருந்துதான் எத்தனையோ விண்மீன் மண்டலங்களின் நடு நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. வானத்தை நோக்கிப் பெரிய பெரிய கிண்ணங்களைத் திருப்பிவைத்துக் காத்திருப்பவர்களுக்கு மட்டும், தூசியைத் தாண்டி வரும் ரேடியோ அலைகளில் கருவாயனின் இரைச்சலும், அதற்கு வெகுதூரத்தில், ஒரு விண்மீனையும் பெறாமல் இன்னும் சூடு தணியாமல் கிடக்கும் ஒருத்தியின் அனத்தலும் கேட்கின்றன.