வழியனுப்பப் போகாத காத்தாயி அம்மையார்

தான்சானியா நாட்டின் தென்கடற்கரையில், முந்திரி ஆலைகளை நம்பி வாழ்ந்த ஒரு சிற்றூர். ஆலை வேலைக்குப் போன தமிழ்க் குடும்பங்கள் அங்கே முருகப்பெருமானுக்குத் தகரக்கூரை வேய்ந்த சிறு கோயில் ஒன்றை எழுப்பியிருந்தன. அந்தக் கோயிலின் பாத்திரங்களைத் துலக்குவதும், தரையைக் கழுவுவதும், பெருமானின் துணிகளைத் துவைத்துக் காயப்போடுவதும் காத்தாயி அம்மையாரின் பணி. பொழுது விடியுமுன் முற்றத்தில் நீர் தெளித்துக் கோலமிடுவார். பிறகு சன்னிதிக்கு எதிரே நின்று, "இன்னைக்கும் கண்ணு முழிச்சிட்டேன், ஒன் வேலையைப் பாக்குறேன்" என்பார். அவர் அறிந்த தோத்திரம் அவ்வளவே.

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து, ஆலைச் சமையற்காரரான கணவர் மருதமுத்துவுடன் வந்தவர் அவர். வந்த சில ஆண்டுகளில் கணவரை மலேரியா கொண்டுபோயிற்று. ஊருக்குத் திரும்பிவிடும்படி எல்லாரும் சொன்னார்கள். "இந்த மண்ணுலதான் அவர பொதைச்சிருக்கேன். சாமியும் இங்க இருக்கு. எங்க போவச் சொல்றீங்க?" என்று அம்மையார் இருந்துவிட்டார்.

ஒருநாள் பள்ளி நடக்கும் நேரத்தில், கோயில் குழாயடியில் நீமா என்ற சிறுமி உட்கார்ந்திருந்தாள். அவள் தந்தை மீன்பிடிக்கப் போய்க் கடலோடு போனவர். தாய் முந்திரிக் கொட்டை உடைப்பவள். கொட்டையின் எண்ணெய் பட்டு அவள் விரல்களில் தோல் நிற்பதில்லை. பள்ளிக்குப் போகவில்லையா என்று அம்மையார் தமக்குத் தெரிந்த அரைகுறை சுவாஹிலியில் கேட்டார். சிறுமி தன் சட்டையின் முதுகைத் திருப்பிக் காட்டினாள். அது நெடுகக் கிழிந்திருந்தது. சீருடை இல்லாமல் வராதே என்று அனுப்பிவிட்டார்கள்.

அம்மையாரிடம் வெள்ளைத்துணி ஒன்றுதான் இருந்தது. தைப்பூசத்தன்று பெருமானுக்குச் சாத்தி, பிறகு பிரசாதமாக அவருக்குக் கொடுக்கப்பட்டது. தாம் இறந்தால் தம்மேல் போர்த்தவேண்டும் என்று அதை மடித்து வைத்திருந்தார். அதில் கத்தரி வைக்கப் போனவர் நிறுத்தினார். சாமி துணியை வெட்டுவது பாவமோ, பிள்ளைக்கு ஏதேனும் கேடு வருமோ என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. சன்னிதிக்குப் போய், "தப்புன்னா என்னைக் கேளு, புள்ளையக் கேக்காத" என்று விழுந்து வணங்கிவிட்டு வந்து வெட்டினார். பழைய கைத்தையல் இயந்திரத்தில் சட்டை உருவாயிற்று.

கோயில் நிர்வாகியான தணிகாசலம், ஆலையில் கணக்கு அலுவலர். செய்தி தெரிந்ததும் அவர் கொதித்துப்போனார்.

"சாமிக்குச் சாத்துன துணிய, குளிச்சதோ குளிக்காததோ, தெருவுல போற புள்ளைக்குத் தைச்சுப் போட்டிருக்கியே! உனக்குப் பயமே இல்லையா?"

"பயமாத்தான் இருக்கு ஐயா. ஆனா அது படிக்கலன்னா, இன்னும் பயமாயிருக்கு."

"கொடுத்த துணி அவளோடது. விடுங்கோ" என்று சபேச குருக்கள் தாழ்ந்த குரலில் சொன்னதால் வேலை தப்பியது. ஆயினும் தணிகாசலம் கோயிலுக்குள் நுழையும்போதெல்லாம், இன்றைக்கு நிறுத்திவிடுவாரோ என்று அம்மையார் துடைப்பத்தை இறுகப் பிடித்துக்கொள்வார்.

நீமாவைப் பார்த்து இன்னும் சில பிள்ளைகள் குழாயடிக்கு வந்தார்கள். அந்நாட்டு மொழியில் மாமா என்றால் தாய். பிள்ளைகள் எல்லாரும் அம்மையாரை "மாமா, மாமா" என்று அழைக்க, தமிழர்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். "என்ன மாமா, மீசை எங்க?" என்று இளைஞர்கள் கேலி பேசினார்கள். அம்மையாரும் சிரித்துக்கொண்டே தைத்தார். கேலி பேசியவர்களின் வீட்டுப் பெண்களே பிறகு பழைய துணிகளைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். துணியோடு நோட்டுப் புத்தகம், அப்புறம் பள்ளிக் கட்டணம் என்று உதவி வளர்ந்தது. வெள்ளிக்கிழமை தோறும் பெண்கள் தம் வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்ததைக் கொடுத்தார்கள். 'வேலவன் பிள்ளைகள் உதவி' என்று அவர்களே அதற்குப் பெயரும் வைத்தார்கள். அலுவலகமும் இல்லை, பலகையும் இல்லை. ஒவ்வொரு பருவம் தொடங்கும்போதும், யாருக்குக் கட்டமுடியாமல் போகுமோ, எந்தப் பிள்ளை திரும்பி வந்து குழாயடியில் உட்காருமோ என்ற கவலை மட்டும் அம்மையாரைத் தின்றது. குழாயடியில் யார் நிழலாடினாலும் அவருக்குத் தூக்கிவாரிப்போடும்.

நீமா மேல்நிலைப் பள்ளியின் இறுதி வகுப்புக்கு வந்த ஆண்டில் ஆலை மூடப்பட்டது. தமிழ்க் குடும்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஊரைவிட்டுப் போயின. வெள்ளிக்கிழமைகளில் கொடுக்க ஆளில்லை. மற்றப் பிள்ளைகளுக்குத் தம் கம்மலை விற்று அம்மையார் கட்டிவிட்டார். நீமாவின் பொதுத்தேர்வுக் கட்டணம் மட்டும் பாக்கி நின்றது. பெயர் பதியாவிட்டால் அவளைக் கடற்கரைக்குத் தொலைவான ஓர் ஊரில் ஒரு கிழவருக்குக் கட்டிக்கொடுத்துவிடுவதாக அவள் சிற்றப்பன் பேசி முடித்திருந்தான்.

அதே வேளையில், கோயிலை மூடிவிட்டு ஐம்பொன் முருகனைத் தலைநகரிலுள்ள பெரிய கோயிலுக்குக் கொண்டுபோவதென்று நிர்வாகம் முடிவு செய்தது. அதற்குக் குறித்த நாளும் தேர்வுக்குப் பெயர் பதியும் கடைசி நாளும் ஒன்றாக அமைந்தன.

அதற்கு முதல்நாள், நீமாவின் கட்டணத்துக்குக் கோயில் பணத்தில் கொஞ்சம் கேட்டு, அம்மையார் தணிகாசலத்திடம் போய் நின்றார்.

"கோயில் பணம் சாமியோட பெரிய கோயிலுக்குப் போய்ச் சேரணும் காத்தாயி. சாமி சொத்துல நான் கைவைக்க முடியுமா, நீயே சொல்லு" என்றார் அவர். அவர் சொன்னதில் தவறில்லை. அம்மையார் திரும்பினார்.

மறுநாள் விடியும்போதே மழை பிடித்துக்கொண்டது. அம்மையார் தையல் இயந்திரத்தைத் தலையில் வைத்துக்கொண்டு, நீமாவுடன் ஊருக்கு வெளியே ஆற்றோரத்திலிருந்த பள்ளியை நோக்கி நடந்தார். பாதி வழியில், பின்னாலிருந்து கோயில் மணி கேட்டது. பெருமானுக்குக் கடைசித் தீபாராதனை. திரும்பி ஓடினால் ஒருமுறை முகம் பார்த்துவிடலாம். ஆனால் பள்ளியில் காலந்தாழ்ந்துவிடும். அம்மையார் சேற்றில் நின்று அழுதார். "நீ போயிட்டு வா சாமி. ஒனக்கு ஆயிரம் பேரு இருக்காங்க. இதுக்கு நாதியில்ல" என்று சொல்லிவிட்டு நடந்தார். கோயிலிலோ, "இத்தனை வருசம் சோறு போட்ட சாமி கெளம்புது, வழியனுப்பக்கூட வரல பாரு" என்று பேசிக்கொண்டார்கள்.

தலைமையாசிரியர் மகோங்கோ நல்லவர். ஆனால் அவர் கையில் ஒன்றுமில்லை. "இயந்திரத்தை நான் கட்டணமாக வாங்க முடியாது மாமா. யாரேனும் அதை விலைக்கு வாங்கினால் பார்க்கலாம். மாலை மணியடித்ததும் பெயர்களை அனுப்பியாக வேண்டும்" என்றார். அந்த மழையில் யார் வருவார்? இருவரும் தாழ்வாரத்தில் காத்திருந்தார்கள். நண்பகல் போயிற்று. ஆற்றின் இரைச்சல் ஏறிக்கொண்டே வந்தது.

"போதும் மாமா. சிற்றப்பா சொன்னபடியே போய்விடுகிறேன்" என்றாள் நீமா தன் மொழியில்.

"வாய மூடு. மணி இன்னும் அடிக்கல" என்றார் அம்மையார் தமிழில். அவர் உடல் வெடவெடவென்று ஆடியது. குளிரா, பயமா என்று அவருக்கே தெரியவில்லை.

அப்போது ஒரு லாரி சேற்றை வாரியடித்துக்கொண்டு பள்ளி வாசலில் வந்து நின்றது. முன்னிருக்கையிலிருந்து, கோயில் பணம் இருந்த தோள்பையுடன் தணிகாசலம் இறங்கினார். பின்னால், தார்ப்பாயின்கீழ், சபேச குருக்கள் முருகனை மார்போடு அணைத்தபடி நனைந்து உட்கார்ந்திருந்தார். ஆற்றுப்பாலத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. ஊருக்குத் திரும்பும் தாழ்வான சாலையும் மூழ்கிவிட்டது. அந்தப் பக்கத்தில் கூரை என்று இருந்தது பள்ளி ஒன்றுதான். மகோங்கோ ஓடிவந்து, ஒரு பெஞ்சைத் துடைத்துப் போட்டார். பெருமானை அதில் இருத்தினார்கள்.

அம்மையார் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். அருகே போகத் துணிவில்லை.

"நான் வரலன்னு கோவமா சாமி?" என்றார்.

குருக்கள் அவரையும், அவர் பக்கத்தில் நின்ற பெண்ணையும், கீழே கிடந்த தையல் இயந்திரத்தையும் பார்த்தார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"கோவமா? நீ வரலேன்னு அவரே வந்துட்டார்மா" என்றார். பிறகு தணிகாசலத்தின் பக்கம் திரும்பினார். "சாமி பணம் சாமியோட போகணும்னேளே. சாமி இங்கேன்னா இறங்கியிருக்கார்!"

தணிகாசலம் பெருமானின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மணியடிக்கப் பணியாள் எழுந்தான். அந்தக் கணத்தில் தணிகாசலம் தம் தோள்பையை அவிழ்த்தார். மகோங்கோவிடம் போய், "அந்தப் பொண்ணு பேரை எழுதுங்க" என்றார். திரும்பி வந்து அம்மையார்முன் கைகூப்பினார். அம்மையார் பதறிப்போய், "ஐயா, என்ன இது, சாமிக்கு முன்னால எனக்கா கும்புடுறது" என்று விலகினார்.

வெள்ளம் வடியும்வரை பெருமான் அந்தத் தாழ்வாரத்திலேயே எழுந்தருளியிருந்தார். பிள்ளைகள் வேலியோரப் பூக்களைப் பறித்துவந்து அம்மையாரிடம் கொடுத்தார்கள். வடிந்த பிறகு லாரி தலைநகருக்குப் போகவில்லை. தணிகாசலம் சொல்ல, தகரக்கூரைக் கோயிலுக்கே திரும்பியது. கோயில் பணம் 'வேலவன் பிள்ளைகள் உதவி'க்கு முதலாயிற்று. ஊரைவிட்டுப் போன குடும்பங்களுக்கெல்லாம் தணிகாசலமே சொல்லியனுப்ப, அவர்கள் இருந்த இடத்திலிருந்து அனுப்பலானார்கள். நீமா தேர்வில் தேறி, ஆசிரியை ஆனார். இன்று எந்தப் பிள்ளைக்கு எது தேவை என்று பார்ப்பவர் அவர்தாம்.

காத்தாயி அம்மையார் பின்னும் பல ஆண்டுகள் முற்றம் தெளித்து, பாத்திரம் துலக்கி வாழ்ந்தார். பருவந்தோறும் கவலைப்படுவதையும் அவர் விடவில்லை. பிறர் பிள்ளைக்காக அஞ்சி நடுங்கிய அந்த நெஞ்சைத் தேடி, வழி மறிக்கப்பட்டவன்போல் இறைவன் வந்து நின்றான். அந்தத் தாயின் திருவடி நம் தலைமேல் இருப்பதாக.