திருகுத் தண்டில் ஒரு கட்டி

"நான் செஞ்சது யாருக்கும் தெரியாதுங்க மேடம். இனி நான் என்ன செய்யறது?"

சென்னியப்பன் இதைக் கேட்டபோது மெஹருன்னிசா ஒரு பழைய மோட்டாரைப் பிரித்து மேசைமேல் பரப்பியிருந்தார். தலை நிமிரவில்லை.

"என்ன செஞ்சீங்க?"

"ரெண்டு ஒயரை முறுக்கி விட்டேன்."

"எந்த ஒயர்?"

"மூடி சுவிட்ச் ஒயருங்க."

மெஹருன்னிசாவின் கை நின்றது.

அவருக்கு முப்பத்திமூன்று வயது. திருப்பூரில் பனியனுக்குப் படம் அச்சடிக்கும் மெஷின்களைப் பழுது பார்ப்பவர். சென்னியப்பனுக்கு ஐம்பத்தொன்று. பல்லடத்தில் தறி ஃபிட்டராக இருந்துவிட்டு அவரிடம் வேலை கற்க வந்தவன். இந்த வயதில் ஒரு பெண்பிள்ளையிடம் போய்க் கைகட்டி நிற்பதா என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். அவன் நின்றான். பதினோரு மாதம் ஆகிறது.

அவர் பாடம் என்று எதுவும் நடத்தியதில்லை. மெஷின் ஏன் நின்றது என்று அவன் ஒரு காரணம் சொல்வான்.

"அதுக்கு முன்னாடி?" என்பார்.

இன்னொன்று சொல்வான்.

"அதுக்கு முன்னாடி?"

அவ்வளவுதான் பாடம்.

நடந்தது இது.

அந்த மெஷினில் படம் முதலில் ஒரு பிளாஸ்டிக் ஃபிலிமில் விழும். மை ஈரமாக இருக்கும்போதே மேலிருக்கும் தொட்டியிலிருந்து வெள்ளைப் பவுடர் தூவும். பசைப் பவுடர். சூட்டில் உருகிப் படத்தைத் துணியோடு பிடித்துக்கொள்ளும். தொட்டியின் அடியில் ஒரு திருகுத் தண்டு சுழன்று பவுடரைத் தள்ளிக்கொண்டே இருக்கும். தொட்டி மூடியைத் திறந்தால் தண்டு நின்றுவிட வேண்டும். அதற்குத்தான் மூடியில் ஒரு சுவிட்ச்.

ஐப்பசி மழை. பவுடர் ஈரம் வாங்கிக் கட்டி கட்டியாகிவிட்டது. ஆபரேட்டர் ஜெயக்கொடி கட்டியை உடைக்க மூடியைத் திறப்பாள். தண்டு நிற்கும். மூடுவாள். ஓடும். நின்ற இடத்திலெல்லாம் ஃபிலிமில் பவுடர் இல்லாத பட்டை. அத்தனையும் குப்பைக்குப் போனது.

முதலாளி தெய்வசிகாமணி போன்மேல் போன் போட்டார். மெஹருன்னிசா அன்றைக்குக் கரூரில் ஒரு வேலையில் இருந்தார். சென்னியப்பனைத் தனியாக அனுப்பினார்.

"எனக்கு மெஷின் நிக்கக் கூடாதுங்க. வேற ஒண்ணும் தெரிய வேண்டாம்," என்றார் முதலாளி.

பவுடரைக் கொட்டிக் காயவைத்துச் சலித்துப் போட அரை நாள் ஆகும். ஒயரை முறுக்க இரண்டு நிமிஷம்.

சென்னியப்பன் கட்டிகளை முடிந்தவரை உடைத்துவிட்டான். ஒயரை முறுக்கி, டேப் சுற்றி, பெட்டியை மூடினான். இனி மூடியைத் திறந்தாலும் தண்டு ஓடும். இரண்டு நாள் கழித்து வந்து பிரித்துவிடலாம் என்று நினைத்தான். யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாளிலிருந்து வெயில். நாலு நாள் கட்டியே பிடிக்கவில்லை. யாரும் மூடியைத் திறக்க வேண்டி வரவில்லை. அவனும் மறந்துபோனான்.

ஐந்தாம் நாள் மறுபடி மழை. காலை பத்தரை மணிக்கு ஜெயக்கொடி மூடியைத் திறந்தாள். பவுடருக்கு அடியில் தண்டு சுழல்வது மேலே தெரியாது. பவுடரை உருக்கும் அடுப்பின் விசிறி இரைச்சலில் கேட்கவும் கேட்காது. எப்போதும்போல் நின்றிருக்கும் என்று நம்பிக் கையை உள்ளே விட்டாள்.

வலது கை. ஆள்காட்டி விரலும் நடுவிரலும்.

விபத்துப் படிவத்தில் முதலாளி எழுதினார்: தொழிலாளியின் கவனக்குறைவு.

"அந்தப் புள்ளகிட்டக் கைநாட்டு வாங்கப் போறாங்களாம்," என்றான் சென்னியப்பன். "அவ மேலதான் தப்புன்னு அவளே ஒத்துக்கிட்ட மாதிரி."

மெஹருன்னிசா மோட்டாரின் ஒரு துண்டை எடுத்துத் துணியால் துடைத்தார்.

"நாளைக்கு அங்க ஒரு வேலை இருக்கு. பவுடர் இறங்கலையாம். கூட வாங்க."

"அந்த மெஷினுக்கா? என்னால முடியாதுங்க மேடம்."

"ஒம்பது மணிக்கு," என்றார்.

*

மெஷினைச் சுற்றிக் கழுவிவிட்டிருந்தார்கள். தரையில் பினாயில் வாடை.

"வெளியில பூராத் தொடச்சுட்டமுங்க," என்றார் தெய்வசிகாமணி. "புதுப் பவுடர் போட்டும் இறங்க மாட்டேங்குது. மத்தியானத்துக்குள்ள ஓட்டியாகோணும்."

அவர் ஆபீசுக்குள் போய்விட்டார்.

மெஹருன்னிசா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நீங்க பாருங்கண்ணா."

சென்னியப்பன் பவுடரை அள்ளிப் பார்த்தான். விரலிடுக்கில் மணல் மாதிரி வழிந்தது. ஈரமில்லை.

சல்லடையைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தான். அடைப்பில்லை.

பவுடர் அளவு பார்க்கும் சென்சாரில் தூசி படிந்திருந்தது. துடைத்தான். மெஷினைப் போட்டான். மோட்டார் முனகியது. தண்டு சுற்றவில்லை.

"தண்டுலதான் ஏதோ மாட்டியிருக்குங்க."

"எடுத்துப் பாருங்க."

மெயின் சுவிட்சை அணைத்தான். அணைந்ததா என்று இரண்டு தடவை பார்த்தான். நாலு போல்ட்டையும் கழற்றித் தண்டை இழுத்தான். ஒரு சாண் வந்தது. பிறகு வரவில்லை. காலை உதைத்துக்கொண்டு இழுத்தான்.

வந்தது.

திருகின் நடுப்பள்ளத்தில் ஒரு கட்டி. கல் மாதிரி இறுகியிருந்தது. பவுடர் வெள்ளை. கட்டி வெள்ளையாக இல்லை.

சென்னியப்பன் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"என்னண்ணா?"

"கட்டிங்க."

"எதனால?"

"ஈரம் பட்டு இறுகியிருக்குது."

"என்ன ஈரம்?"

அவன் தண்டைத் தரையில் வைத்தான்.

மெஹருன்னிசா பையிலிருந்து பித்தளைப் பிரஷ்ஷை எடுத்து நீட்டினார்.

"சுத்தம் பண்ணுங்க."

முக்கால் மணி நேரம் ஆனது. கட்டி பழுப்புப் பொடியாக உதிர்ந்தது. அவன் சட்டையில், முழங்கை மயிரில், உதட்டில் படிந்தது. நடுவில் ஒருதடவை எழுந்து வெளியே ஓடி வாந்தி எடுத்தான். திரும்பி வந்து பிரஷ்ஷை எடுத்தான். மெஹருன்னிசா நாற்காலியை விட்டு அசையவில்லை. கண்ணையும் திருப்பவில்லை.

கடைசியில் பள்ளத்திலிருந்து ஒரு நகத் துண்டு வந்தது. மருதாணி ஏறிய நகம்.

உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தான்.

காம்பவுண்டு சுவர் ஓரமாகப் போய், ஈர மண்ணைக் கையால் தோண்டிப் புதைத்தான்.

திரும்பி வந்தவன், யாரும் சொல்லாமல், ஒயர்ப் பெட்டியைத் திறந்தான். டேப்பைப் பிரித்தான். முறுக்கைப் பிரித்தான். மூடி சுவிட்சை இருந்த இடத்தில் சேர்த்தான். தண்டைப் பூட்டி மெஷினைப் போட்டான்.

மூடியைத் திறந்தான். தண்டு நின்றது.

மூடினான். ஓடியது.

திறந்தான். நின்றது.

பத்துப் பதினைந்து தடவை செய்திருப்பான். மெஹருன்னிசா தடுக்கவில்லை.

பிறகு கார்பன் வைத்த சர்வீஸ் ரிப்போர்ட் புத்தகத்தை அவன் மடியில் வைத்துப் பேனாவைக் கொடுத்தார். "பழுதுக்குக் காரணம்" என்று ஒரு கட்டம்.

திருகுத் தண்டில் கட்டி, என்று எழுதினான்.

"அதுக்கு முன்னாடி?"

ஆபரேட்டரின் கை சிக்கியது.

"அதுக்கு முன்னாடி?"

மூடியைத் திறந்தும் தண்டு நிற்கவில்லை.

"அதுக்கு முன்னாடி?"

பேனாவை மெல்ல நகர்த்தி எழுதினான்: மூடி சுவிட்சின் ஒயர்கள் நேராக இணைக்கப்பட்டிருந்தன.

மெஹருன்னிசா குனிந்து படித்தார். கடைசி வார்த்தையில் விரலை வைத்தார்.

"தானா இணைஞ்சுதா?"

அவன் அந்த வார்த்தையை அடித்தான். மேலே எழுதினான்: நான் இணைத்தேன். மு. சென்னியப்பன்.

புத்தகத்தை நீட்டினான். அவர் வாங்கவில்லை.

"அதுக்கு முன்னாடி?"

"அவ்வளவுதானுங்க மேடம். அதுக்கு முன்னாடி ஒண்ணுமில்லைங்க."

மெஹருன்னிசா பேனாவை வாங்கினார். அவன் பெயருக்குக் கீழே எழுதினார்: வேலை முழுசாகத் தெரியாதவரைத் தனியாக அனுப்பியது நான். கையெழுத்துப் போட்டார்.

தெய்வசிகாமணி ரிப்போர்ட்டைப் படித்தார். இன்னொரு தடவை படித்தார்.

"ஏனுங்க, உங்களுக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா? இதைக் கிழிச்சுப் போட்டு வேற எழுதிக் குடுங்க."

"மேல் தாள் உங்களுதுங்க," என்றார் மெஹருன்னிசா.

"இந்தப் பக்கம் ஒரு கம்பெனிக்காரன் உங்களைக் கேட்டுக்குள்ள விடமாட்டான். தெரியுமல்லோ?"

"தெரியுங்க."

வெளியே வந்ததும் அடித்தாளைக் கிழித்துச் சென்னியப்பனிடம் கொடுத்தார்.

"இது யாருக்குங்க?"

அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

*

ஜெயக்கொடி தேனிப் பக்கத்துக்காரி. புருஷன் சாயப்பட்டறையில் வேலை. ஒரே வரிசையில் பன்னிரண்டு வீடு இருக்கும் லைன் வீட்டில் ஏழாவது வீடு.

அவன் போனபோது இடது கையால் அரிசி களைந்துகொண்டிருந்தாள். தண்ணீரை வடிக்கும்போது பாதி அரிசி கொட்டியது. வலது கை மணிக்கட்டுவரை கட்டு.

ஆளைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டாள்.

"வாங்கண்ணே. மெஷினு பாக்க வந்த அண்ணன்தான? உக்காருங்க."

ஒற்றைக் கையால் ஸ்டூலை இழுத்துப் போட்டாள். அவன் உட்காரவில்லை. தாளை நீட்டினான்.

"என்னண்ணே இது?"

"படிங்கம்மிணி."

அவள் தாளைத் தூக்கிப் பார்த்தாள்.

"அடித்தாளு, எழுத்து மங்கலா இருக்கு. நீங்களே வாசிங்களேன்."

சென்னியப்பன் வாசித்தான். கட்டி. கை. மூடி. ஒயர். தன் பெயரை மட்டும் முழுங்கினான். நிறுத்தி, அந்த வரியை முதலிலிருந்து மறுபடி வாசித்தான். மெஹருன்னிசாவின் வரியையும் வாசித்தான்.

பக்கத்து வீட்டில் யாரோ துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்து நின்றான். அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றிருந்தது.

ஜெயக்கொடி எழுந்தாள். டிவிக்கு அடியிலிருந்து கம்பெனிப் படிவத்தை உருவினாள். கைநாட்டுக் கட்டம் காலியாக இருந்தது.

"சாயங்காலம் வந்து வாங்கிக்கிறேன்னாங்க. அப்ப இதுல வைக்க வேணாமாண்ணே?"

"வேண்டாம்."

"என் மேல தப்பில்ல?"

"இல்ல."

அந்தப் படிவத்தின் ஓரத்தைப் பல்லால் கடித்துப் பிடித்து, இடது கையால் இழுத்துக் கிழித்தாள். அவன் கொடுத்த தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. அவனால்தான் தாங்க முடியவில்லை.

"நீங்க வந்துட்டுப் போன பொறவு நாலு நாளு, ஒரு ஃபிலிமு வீணாகலண்ணே," என்றாள். "நல்ல மனுசன் ஒருத்தர் வந்து சரி பண்ணிட்டாருன்னு எங்க வீட்டுல சொல்லிச் சொல்லி மாஞ்சு போனேன்."