ஆளில்லா வீடுகளும் நூற்றிருபது காவலரும்

முன்னொரு காலத்தில் ஒரு நாட்டில், மதிய உறக்கத்தில் இருந்த மன்னரின் மூக்கு நுனியில் ஒரு சொட்டு மழைத்தண்ணீர் விழுந்தது. அண்ணாந்து பார்த்தார். அரண்மனைக் கூரையில் ஓர் ஓடு விரிசல் விட்டிருந்தது. வேறு மன்னராக இருந்தால் ஓட்டை மாற்றச் சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்திருப்பார். செண்பகவர்மர் அப்படிப்பட்டவர் அல்ல. எதையும் பெரிதாகச் செய்துதான் அவருக்குப் பழக்கம்.

"நம் கூரையே ஒழுகுகிறது என்றால் ஏழைகளின் கூரை என்ன பாடுபடும்? இன்று முதல் இந்நாட்டில் எவரும் ஒழுகும் கூரையின் கீழ் உறங்கக் கூடாது" என்று ஆணையிட்டார்.

ஆணை பிறந்ததும் காரியங்கள் மளமளவென்று நடந்தன. ஆற்றைவிட்டுத் தள்ளி, மேட்டு நிலத்தில், ஒரே தெருவில் அறுபதும் அறுபதும் எதிரெதிராக நூற்றிருபது வீடுகள் எழும்பின. வீடில்லாதவர்களுக்கு அவற்றைப் பங்கிட்டுக் கொடுக்கக் குடிமனைச் சாவடி என்று ஓர் அலுவலகம் ஏற்பட்டது. அதன் தலைவர் பதவியில், அரண்மனை ஓலைகளையெல்லாம் எழுதிக் காக்கும் ஓலைநாயகம் விருத்தகிரியாருக்கு ஒரு கண் இருந்தது. தமக்காக அல்ல, தம் மருமகனுக்காக. ஆனால் அன்று மாலை சபையில் விகடன் ஆவுடையப்பன் ஏதோ சொல்ல, மன்னர் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, "சாவடிக்கு நீயே தலைவன்" என்று சொல்லிவிட்டார்.

விருத்தகிரியார் மன்னரை வணங்கிவிட்டு எழுந்தார். வீட்டுக்குப் போய் எழுத்தாணியை எடுத்தார். சாவடிக்கு விதிகள் எழுதும் பொறுப்பு அவருடையதாயிற்றே. நாற்பத்திரண்டு விதிகள் எழுதி, மன்னரின் முத்திரையும் வாங்கிவிட்டார்.

அந்த விதிகளில் மூன்று மட்டும் போதும், ஒரு குருவிகூட அந்த வீடுகளுக்குள் நுழைய முடியாது. நான்காம் விதி: குடியேற வருபவர், தாம் அதற்கு முன் உண்டு உறங்கிய வீட்டின் வாசல்நிலையைச் சாவடிக்குக் காட்ட வேண்டும். பதினோராம் விதி: பக்கத்து வீட்டில் மூன்று நாளேனும் உண்டு உறங்கியோர் சம்மதம் தர வேண்டும். பத்தொன்பதாம் விதி: வீட்டைப் பனியிலும் வெயிலிலும் மழையிலும் பார்வையிட்ட பிறகே குடியேற விட வேண்டும்.

வீடுகள் பூட்டிக் கிடந்தன. அந்த ஐப்பசியில் ஆறு பெருகி, கரையோரத்துக் குடிசைகளை ஒன்றுவிடாமல் அடித்துக்கொண்டு போயிற்று. நூற்றிருபது குடும்பங்கள் சந்தைக் கொட்டகையில் வந்து ஒண்டின.

ஆவுடையப்பன் கொட்டகைக்குப் போனான். சபையில் எப்போதும் சிரித்த முகமாக இருப்பவன், அங்கே சிரிக்க முடியாமல் நின்றான். தரையெல்லாம் சேறு. பிச்சி என்கிற சலவைக்காரி, காய்ச்சலில் கொதிக்கும் கைக்குழந்தையைத் தன் முந்தானைக்குள் சுருட்டி வைத்திருந்தாள்.

"ஐயா, மேட்டுல வீடு கட்டியாச்சுன்னு சொல்றாங்க. கதவுல பூட்டு தொங்குது. நாங்க இங்க நனைஞ்சிக்கிட்டுக் கிடக்கோம். அந்தப் பூட்டு யாருக்குங்கய்யா காவல் இருக்கு?"

"பழைய வீட்டு நிலையைக் காட்டச் சொல்லி விதி இருக்கு தாயி."

"ஆத்துக்கிட்டத்தான் கேக்கணும். கொண்டுபோனது அதுதானே" என்றாள் பிச்சி. அவள் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் ஆவுடையப்பனைச் சுட்டது.

நேரே சபைக்கு வந்தான். "அரசே, வெள்ளம் வந்த காலத்தில் எல்லா விதியையும் பிடித்துக்கொண்டிருக்க முடியாது. சாவடிக்கு ஒரு விதிவிலக்கு ஓலை தாருங்கள். கூரை, சுவர், குடிதண்ணீர் இவற்றைப் பற்றிய விதிகள் இருக்கட்டும். மற்றவற்றைச் சில காலம் தள்ளி வையுங்கள்."

மன்னர் முத்திரை மோதிரத்தைத் தடவினார். அதற்குள் விருத்தகிரியார் எழுந்துவிட்டார்.

"மன்னவா, தங்கள் முத்திரை விழுந்த விதியை மூன்றே மாதத்தில் தாங்களே தளர்த்தினால் அண்டை நாட்டார் என்ன பேசுவார்கள்? மேலும், ஆவுடையப்பன் போன்ற மதியூகிக்கு விலக்கு எதற்கு? ஓர் எழுத்தும் மீறாமல் ஏழே நாளில் எல்லோரையும் குடியேற்றிவிடுவாரே."

மன்னருக்குத் தம் முத்திரை மேல் இருந்த பற்று கொஞ்சநஞ்சமல்ல. முகம் மலர்ந்தது. "நன்று சொன்னீர். ஆவுடையப்பா, ஏழு நாள். ஓர் எழுத்தும் தளராது. முடித்தால் நீ கேட்டது கிடைக்கும். முடியாவிட்டால் சாவடியையும் சபையையும் விட்டு நீ போய்விட வேண்டும்."

"அப்படியே ஆகட்டும் அரசே" என்றான் ஆவுடையப்பன், பந்திக்கு அழைத்தவனுக்குப் பதில் சொல்வதுபோல. வெளியே வந்து படியிறங்கினான். மேலாடையை உதறிப் போட்டுக்கொண்டு நடந்தான். இதுவரை எத்தனையோ சிக்கலில் மாட்டியிருக்கிறான். ஒவ்வொன்றிலும் எங்கோ ஒரு வாசல் இருக்கத்தான் செய்தது.

இரண்டு நாள் ஓலைகளோடு மல்லுக்கட்டினான். ஒன்றும் பிடிபடவில்லை. மூன்றாம் நாள் காலை, வீடுகளையாவது ஒருமுறை பார்த்துவிட்டு வருவோம் என்று மேட்டுத் தெருவுக்குப் போனான். வரிசையாகப் பூட்டுகள். ஆனால் தெருக்கோடி வீட்டின் கூரையிலிருந்து புகை எழும்பிக்கொண்டிருந்தது. வாசலில் கோலம். கொடியில் புடவை. உள்ளே தாளிக்கிற வாசனை. முற்றத்தில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தவர், சாட்சாத் ஓலைநாயகத்தின் மருமகன்.

"என்ன ஐயா, குடியேறிவிட்டீரோ?" என்று கேட்டான் ஆவுடையப்பன்.

மருமகன் பதறவில்லை. "யார் குடியேறியது? நான் காவல் இருக்கிறேன். முப்பத்தோராம் விதியைப் பாரும். ஆளில்லா வீட்டைக் காவலின்றி விடலாகாது. காவலர் அங்கேயே குடும்பத்தோடு உண்டு உறங்கலாம். எத்தனை காவலர் இருப்பினும் அது ஆளில்லா வீடே. மாமா எழுதியது."

"அருமையாக எழுதியிருக்கிறார்" என்றான் ஆவுடையப்பன். மனதார. "காவலரை நியமிப்பது யார்?"

"சாவடித் தலைவர்" என்று சொன்ன பிறகுதான், எதிரே நிற்பது யார் என்பது மருமகனுக்கு உறைத்தது. மடித்த வெற்றிலை கையிலேயே நின்றது.

"நூற்றிருபது வீட்டையும் ஒற்றை ஆளாகக் காத்துக் களைத்திருப்பீர். ஊருக்குள் உமக்கு மாடி வீடு இருக்கிறதே, போய் ஓய்வெடும்" என்று சொல்லிவிட்டு, ஆவுடையப்பன் சந்தைக் கொட்டகையை நோக்கி ஓட்டமும் நடையுமாகப் போனான்.

கொட்டகை நடுவில் நின்று சொன்னான். "எல்லாரும் கிளம்புங்க. வீடு கொடுக்கக் கூப்பிடல. காவல் வேலைக்குக் கூப்பிடுறேன். வீட்டுக்கு ஒரு குடும்பம். அங்கேயே சமைக்கலாம், அங்கேயே படுக்கலாம். யார் கேட்டாலும் குடியிருக்கோம்னு மட்டும் சொல்லிடாதீங்க."

"கூலி உண்டுங்களா?" என்றான் பிச்சியின் புருஷன் சுடலை.

"கூலி கிடையாது. கூரை உண்டு."

"அது போதுங்க" என்றாள் பிச்சி, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு.

அன்று மாலைக்குள் மேட்டுத் தெருவில் நூற்றிருபது அடுப்புகள் புகைந்தன. காய்ந்த தரையில் கிடந்ததுமே பிச்சியின் குழந்தைக்கு வேர்த்து, காய்ச்சல் இறங்கத் தொடங்கியது.

மருமகன் மூட்டை முடிச்சோடு வந்து நின்றபோது விருத்தகிரியாருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. எரிச்சலாகத்தான் இருந்தது. பிறகு யோசித்துப் பார்த்து, தமக்குள் சிரித்துக்கொண்டார். அன்றே சொல்வானேன் என்று பேசாமல் இருந்துவிட்டார். ஏழாம் நாள் காலையில் மன்னரைப் பல்லக்கில் ஏற்றி மேட்டுத் தெருவுக்கே அழைத்து வந்தார்.

மன்னர் இறங்கியது பிச்சியின் வாசலில். அவள் உலக்கையும் கையுமாக நின்றாள்.

"பெண்ணே, நீ இங்கே குடியிருக்கிறாயா?"

"இல்லீங்க சாமி. காவல் இருக்கேன்."

"காவலுக்கு ஆயுதம் வேண்டுமே?"

பிச்சி உலக்கையைத் தூக்கிக் காட்டினாள். மன்னர் ஓரடி பின்னால் வைத்து, உள்ளே தூளியை எட்டிப் பார்த்தார். "அது யார்?"

"அவன் ராக் காவலுங்க சாமி. விடிய விடிய முழிச்சிருப்பான். ஓர் அரவம் கேட்டாப் போதும், தெருவையே எழுப்பிடுவான்."

மன்னரின் மீசை துடித்தது. சிரிப்பை விழுங்கிக்கொண்டார். இந்த நேரத்துக்காகத்தான் விருத்தகிரியார் நான்கு நாளாகக் காத்திருந்தார்.

"அரசே, காவலர் என்று அவர்கள் வாயாலேயே சொல்லிவிட்டார்கள். அப்படியானால் குடியேறியவர் ஒருவரும் இல்லை. தங்கள் ஆணை நிறைவேறவில்லை. குடியேறியவர்கள் என்று ஆவுடையப்பன் சொன்னால் விதி மீறப்பட்டது. எப்படியானாலும் தோல்விதான்."

மன்னர் ஆவுடையப்பனைப் பார்த்தார். தெருவே அவனைப் பார்த்தது.

"ஓலைநாயகம் சொல்வது முழுக்கச் சரி" என்றான் ஆவுடையப்பன். "இவர்கள் இந்த நொடிவரை காவலர்தான். இனித்தான் குடியேறப் போகிறார்கள். தாங்கள் வரக் காத்திருந்தோம்." திரும்பிக் கையைத் தட்டினான். "ஆகட்டும், கிளம்புங்க."

நூற்றிருபது கதவுகளும் ஒன்றாகத் திறந்தன. பானையும் பாயும் அம்மியுமாக, வடக்கு வரிசையார் தெற்கு வரிசையை நோக்கியும், தெற்கு வரிசையார் வடக்கு வரிசையை நோக்கியும் நடந்தார்கள். தெரு நடுவில் ஒரே நெரிசல். ஒருவர் கோழி இன்னொருவர் கூடைக்குள் புகுந்தது. சுடலை தூளியைத் தோளில் மாட்டிக்கொண்டு எதிர்வீட்டு வாசலில் போய் நின்றான்.

"இது என்ன கூத்து?" என்றார் மன்னர்.

"நான்காம் விதி, அரசே. குடியேற வருபவர் அதற்கு முன் உண்டு உறங்கிய வீட்டின் வாசல்நிலையைக் காட்ட வேண்டும். சுடலை, எங்கேயப்பா உன் நிலை?"

"அதோ நிக்குதுங்க" என்று சுடலை எதிர்ப்புறம் கையை நீட்டினான். நூற்றிருபது கைகள் எதிரெதிராக நீண்டன.

"பதினோராம் விதி. பக்கத்து வீட்டில் மூன்று நாள் உண்டு உறங்கியோர் சம்மதம். இவர்கள் நான்கு நாளாக உண்டு உறங்குகிறார்கள். பக்கத்து வீட்டுக்கு யார் வந்தாலும் சம்மதம் என்று நேற்றே எல்லோரும் ஓலையில் கீறிக் கொடுத்துவிட்டார்கள்."

விருத்தகிரியார் விடவில்லை. "பத்தொன்பதாம் விதி? பனி, வெயில், மழை மூன்று காலமும் பார்க்க ஓராண்டு ஆகுமே."

"காலம் என்ற சொல் விதியில் இல்லையே ஐயா. ஓர் எழுத்தையும் குறைக்கக் கூடாதென்றால் ஓர் எழுத்தையும் கூட்டவும் கூடாதல்லவா? முந்தாநாள் விடியலில் பனி கொட்டியது, பார்த்தேன். உச்சியில் வெயில் காய்ந்தது, பார்த்தேன். சாயங்காலம் மழை வெளுத்து வாங்கியது, நனைந்துகொண்டே பார்த்தேன். மூன்று வீட்டில் கூரை ஒழுகியது. நேற்றே ஓடு மாற்றியாயிற்று. நாற்பத்திரண்டு விதியில் இந்த ஊருக்கு உதவியது அந்த ஒரு விதிதான், அரசே. அதை எழுதியதற்கு ஓலைநாயகத்துக்கு நன்றி சொல்ல வேண்டும்."

மன்னர் தெருவைப் பார்த்தார். ஒரே மாதிரியான வீட்டை விட்டுக் கிளம்பி, ஒரே மாதிரியான வீட்டின் முன், மூட்டையைத் தலையில் வைத்தபடி, தம் முத்திரைக்காக நின்றுகொண்டிருக்கும் நூற்றிருபது குடும்பங்களையும் பார்த்தார். விழுங்கி வைத்திருந்த சிரிப்பு அதற்கு மேல் உள்ளே நிற்கவில்லை. பல்லக்கைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

"குடியேற்றிவிட்டாய். ஓர் எழுத்தும் மீறவில்லை. கேள் ஆவுடையப்பா, என்ன வேண்டும்?"

"ஏழு நாளைக்கு முன் கேட்டதுதான், அரசே. அடுத்த வெள்ளம் வரும்போது இத்தனை பேரைத் தெருவைத் தாண்ட வைக்க என்னால் முடியாது."

மன்னர் விருத்தகிரியாரிடம் திரும்பினார். "எழுதும். ஆபத்துக் காலத்தில் சாவடிக்கு விதிவிலக்கு உண்டு. கூரை, சுவர், குடிதண்ணீர் இம்மூன்றும் நீங்கலாக எந்த விதியையும் சாவடித் தலைவர் தள்ளி வைக்கலாம். உம் கையாலேயே, இங்கேயே எழுதும்." ஓலைநாயகம் ஓர் அம்மியின் மேல் உட்கார்ந்து எழுதினார். மன்னர் முத்திரை இட்டு, தம் கையிலிருந்த பொற்கடகத்தைக் கழற்றி ஆவுடையப்பனுக்கு அணிவித்தார்.

கூட்டம் கலையவில்லை. பிச்சி தயங்கித் தயங்கி முன்னால் வந்தாள்.

"சாமி, ஒண்ணு கேக்கலாங்களா? நாலு நாளுல அந்த வீட்டுல அடுப்பு போட்டுட்டேன். கொல்லையில முருங்கைக் கொம்பு ஊனியிருக்கேன், துளிர் விடற மாதிரி இருக்கு. அங்கேயே திரும்பிப் போயிடலாங்களா?"

"எங்களுக்கும் அப்படித்தானுங்க" என்றது தெரு முழுவதும்.

விருத்தகிரியார் பழக்க தோஷத்தில் நான்காம் விதி ஓலையைத் தேடினார். ஆவுடையப்பன் புது ஓலையை அவர் முன் நீட்டினான். மன்னருக்கு மறுபடியும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்தபடியே குனிந்து, பிச்சியின் காலடியில் இருந்த கஞ்சிப் பானையை இரு கையாலும் தூக்கிக்கொண்டு, தெருவைக் கடந்து, அவளுடைய வாசலில் கொண்டுபோய் வைத்தார்.