பின்னால் வரும் மட்டை

முதலில், கிளப் நிர்வாகத்தார் மார்க்கர்கள் தோட்டத்துக் குழாயில்தான் தண்ணீர் குடிக்க வேண்டும் என்றார்கள்.

இரண்டாவது, மார்க்கர்களுக்கு முன்வாசலை அடைத்தார்கள்.

மூன்றாவது, சங்கம் கேட்ட இருவரை வேலையை விட்டு அனுப்பினார்கள்.

நான்காவது, ஒரு விதி எழுதினார்கள். மூன்று சாட்சிகள் முன்னிலையில் கிளப் உறுப்பினர் ஒருவரிடம் ஒரு செட் ஜெயிக்கும் மார்க்கர், ஆண்டுப் போட்டியில் ஆடலாம். அவன் பெயர் அங்கேயே வாசிக்கப்படும்.

"எவனும் ஜெயிக்கமாட்டான்னு தெரிஞ்சுதான் எழுதினாங்க, கோச்சம்மா," என்றார் குழந்தைவேல்.

அவர் இருபத்திரண்டு வருஷமாக டென்னிஸ் மார்க்கர். உறுப்பினர்களுக்கு ஆடிக் கொடுப்பதுதான் வேலை. அவர்கள் நிற்கும் இடத்துக்கே, இடுப்பு உயரத்துக்கே பந்து போக வேண்டும்.

கோச் ரோஸ்லின் அவரைவிடப் பதினேழு வயது இளையவர்.

"ஒரு ஃபோர்ஹேண்ட் அடிங்கண்ணே."

அடித்தார். பந்து மரியாதையாகப் போய் விழுந்தது.

"உங்களுக்கு இவ்வளவு கோபம். பந்து ஏன் இவ்வளவு பணிவா போகுது?"

அவர் பிடியை இறுக்கி ஓங்கி அடித்தார். பந்து வலையில் மோதியது.

"கை முன்னால போகட்டும். மட்டை பின்னால தங்கி, கடைசில வரட்டும்."

"பின்னால தங்கறதா? நாங்க தங்கினது போதாதா?"

"மட்டைகிட்ட துண்டுப்பிரசுரம் படிக்காதீங்கண்ணே."

அவர் சிரிக்கவில்லை.

ரோஸ்லின் ஒரு துண்டை வாளியில் நனைத்துப் பிழிந்து நீட்டினார்.

"உதறுங்க."

உதறினார். நுனி படீரென்று வெடித்தது.

"எது முன்னால போச்சு?"

"கை."

"சத்தம் எங்க கேட்டுச்சு?"

அவர் மறுபடி உதறினார். துண்டு காயும்வரை உதறிக்கொண்டிருந்தார்.

மறுநாள் மட்டையை மூன்று விரல்களால் தளர்வாகப் பிடித்தார்.

ஒரு மாதம் கழித்து, கிளப் செயலாளர் வைத்தீஸ்வரனே எதிரே வந்து நின்றார். வேறு எந்த உறுப்பினரும் சம்மதிக்கவில்லை.

ஐந்துக்கு நான்கு. இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் செட் குழந்தைவேலுக்கு.

செயலாளரின் பந்து குட்டையாக விழுந்தது. குழந்தைவேலின் கண் பழக்கத்தில் செயலாளரின் இடுப்பைத் தேடியது. பிறகு பந்துக்குத் திரும்பியது.

கை போனது.

மட்டை போகவில்லை.

பிறகு போனது.

செயலாளர் திரும்பிப் பார்த்தபோது பந்து பின்வேலியில் மோதி உருண்டுகொண்டிருந்தது.

சாட்சிகள் மூவரும் எழுந்தார்கள். ஒருவர் போட்டிக்கான விண்ணப்பச் சீட்டைச் செயலாளரிடம் கொடுத்தார்.

"மார்க்கர் ஜெயிச்சான். போதுமா?" என்றார் செயலாளர்.

"விதியில பெயரை வாசிக்கணும்னு இருக்கு சார்," என்றார் ரோஸ்லின்.

செயலாளர் குழந்தைவேலைப் பார்த்தார்.

"உன் பேர் என்னப்பா?"

இருபத்திரண்டு வருஷம். சொல்ல வேண்டியதெல்லாம் வரிசையாகத் தொண்டைவரை வந்தது.

குழந்தைவேல் அவசரப்படவில்லை. மட்டை விரல்களில் தளர்ந்து தொங்கியது. சாட்சிகளும் காத்திருந்தார்கள்.

"சீட்டுல எழுதியிருக்கு," என்றார். "படிங்க."

செயலாளர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார்.

"மருதமுத்து மகன் குழந்தைவேல்."